சாப்பிட்டது ஒத்துக்கலையா, முட்டையில் கிருமியா?

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் சுமார் எழுநூறு பேர் வாந்தி பேதியோடு சிகிச்சைக்கு வந்திருந்தார்கள். சிலருடைய மலத்தைப் பரிசோதித்ததில் காலரா கிருமி உறுதியானது. பள்ளி கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. காய்ச்சிய நீரைத்தான் குடிக்க வேண்டும், ஓட்டல்களில் கொதிக்க வைத்து ஆறவைத்த நீரைத்தான் தர வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் தெருத்தெருவாகச் சொல்லிப் போயின. ஆனிப் பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருந்தது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் திரளும் நேரம்.

அந்த நாட்களில் நிலைமையைத் திருப்பியது ஒரு பரிசோதனைக்கூட முடிவு. ‘காலரா’ என்ற பெயர் வெளிவந்த பிறகுதான் குடிநீர்க் குழாய்களைத் தோண்டிப் பார்த்தார்கள், கசிவுகளைத் தேடினார்கள், தொட்டிகளில் குளோரின் கலப்பதைக் கண்காணித்தார்கள். பெயர் வராமலே இருந்திருந்தால்? வெயில் காலத்துப் பேதி என்றிருப்போம். கல்யாண வீட்டுச் சாப்பாடு சேரவில்லை என்றிருப்போம். ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

இந்தக் கட்டுரை காலராவைப் பற்றியது அல்ல. ஒரு ஊரே சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டால் ஆராய்கிறோம். பத்துப் பேர், இருபது பேர் என்று சிதறிச் சிதறி விழும்போது ‘ஃபுட் பாய்சன்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவைக்கப்படும் நோய்களில் எத்தனை முட்டையிலிருந்து வந்தவை என்று யாரும் தேடுவதில்லை. அதைத் தேட வேண்டிய கட்டாயம் இப்போது வந்திருக்கிறது.

நண்டலாற்றோடு நின்றுபோன உத்தரவு

2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஆர். லால்வேனா ஓர் உத்தரவு பிறப்பித்தார். பச்சை முட்டையில் தயாரிக்கும் மயோனைஸை உற்பத்தி செய்யவோ, இருப்பு வைக்கவோ, விநியோகிக்கவோ, விற்கவோ கூடாது, தடை ஓராண்டுக்கு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், பிரிவு 30(2)(அ) தரும் அதிகாரத்தில் வந்த உத்தரவு அது. சால்மொனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகிய கிருமிகளை அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

இது திடீரென்று முளைத்த தடை அல்ல. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பள்ளி மாணவி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கடையிலிருந்து எடுத்த மாதிரிகளில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. அடுத்தடுத்து உணவு நச்சுச் சம்பவங்கள் நடக்க, 2023 ஜனவரியில் கேரளம் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டது. பார்சலின் மேல் தயாரித்த நேரத்தையும் எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகும் 2024 மே மாதம் திருச்சூர் மாவட்டம் பெரிஞ்ஞனத்தில் குழிமந்தி சாப்பிட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், ஒரு பெண் இறந்தார். சந்தேகம் மயோனைஸின் மேல்தான் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் மோமோவும் மயோனைஸும் சாப்பிட்ட ஒரு பெண் இறந்ததைத் தொடர்ந்து தெலங்கானாவும் தடை செய்தது. இவற்றுக்கு நடுவில், 2023 செப்டம்பரில், முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலேயே ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள்.

காரைக்கால்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம், மேற்கேயும் தமிழ்நாடு, கிழக்கே கடல். நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டரும் இரண்டு லட்சம் மக்களும் கொண்ட காரைக்கால், 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புதுச்சேரியின் நிர்வாகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆணையர் போட்ட உத்தரவு வடக்கே நண்டலாற்றோடும் தெற்கே வாஞ்சூரோடும் நின்றுபோனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறையாரில் குற்றமாக இருந்தது, பாலத்தைத் தாண்டி அம்பகரத்தூருக்கோ கோட்டுச்சேரிக்கோ வந்தால் அந்த உத்தரவின்படி குற்றமாகவில்லை. இந்த எல்லைகளில் சோதனைச் சாவடி இருக்கிறது. வண்டியை நிறுத்தி மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முட்டை லாரியும் கோழி வண்டியும் மயோனைஸ் வாளியும் இரு பக்கமும் தினமும் போய்வருகின்றன. அதே மத்தியச் சட்டம் அதே பிரிவில் புதுச்சேரியின் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கும் இதே அதிகாரத்தைத் தருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மிக்சி ஜாருக்குள் நடப்பது

முட்டையில் கிருமி எப்படி வருகிறது? இரண்டு வழி. முதல் வழி எல்லோருக்கும் தெரியும்: ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சம். அதைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நம்புகிறோம். இரண்டாவது வழிதான் பயங்கரம். சால்மொனெல்லாவில் எண்டெரிடிடிஸ் என்றொரு வகை, கோழியின் சினைப்பையிலும் முட்டைக் குழாயிலும் குடியேறிவிடும். கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தீனி தின்னும், முட்டையிடும். ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி உள்ளே போய்விடும். விரிசல் இல்லாத, பளிச்சென்று சுத்தமான முட்டைக்குள்ளும் அது இருக்கலாம். கூமுட்டை என்றால் தண்ணீரில் போட்டதும் மிதக்கும், உடைத்ததும் நாறும். யாரும் சாப்பிட மாட்டார்கள். சால்மொனெல்லா இருக்கும் முட்டைக்கு நாற்றமில்லை, நிறமில்லை, சுவையில் மாற்றமில்லை.

இப்படிப்பட்ட முட்டை அபூர்வம்தான். அமெரிக்காவில் இருபதாயிரத்தில் ஒன்று என்று ஒரு காலத்தில் கணக்கிட்டார்கள். வீட்டில் ஒரு முட்டையை உடைத்து நன்றாக வேகவைத்து ஒருவர் சாப்பிட்டால் ஆபத்து இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆனால் கடையில் என்ன நடக்கிறது?

மாலை நான்கு மணிக்குக் கடை திறக்கும்போதே மயோனைஸ் தயாராகிவிட வேண்டும். பெரிய மிக்சி ஜாரில் முட்டைகளை வரிசையாக உடைத்து ஊற்றுகிறார்கள். பூண்டு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. மூடியின் துளை வழியாக எண்ணெய் நூல் போல இறங்குகிறது. மஞ்சள் திரவம் வெளுத்து, இறுகி, வெண்ணெய் போலத் திரள்கிறது. கடைசியில் கொஞ்சம் வினிகர். அடுப்பு என்பதே இந்தத் தயாரிப்பில் இல்லை. இருபது முட்டையில் ஒன்றில் கிருமி இருந்தாலும் ஜார் முழுக்க அதுதான். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி ஷவர்மா கம்பி சுழலும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே. சித்திரை மாதத்துக் காரைக்கால் காற்று, கடலோரப் புழுக்கம், அடுப்பின் அனல். சால்மொனெல்லாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஏற்ற வெப்பத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அது இரண்டு மடங்காகும். மாலை நான்கு மணிக்கு நூறாக இருந்தது, இரவு பத்து மணிக் கூட்டத்துக்கு என்னவாகியிருக்கும் என்று பெருக்கிப் பாருங்கள்.

வினிகரின் புளிப்பு கிருமியைக் கொல்லாதா என்று கேட்பார்கள். போதிய அளவு சேர்த்தால் அடக்கும். ஆனால் நம் நாக்குக்கு அந்தப் புளிப்பு பிடிக்காது என்று கடைக்காரர் குறைத்துவிடுகிறார். தொழிற்சாலையில் தயாராகிப் பாட்டிலில் வரும் மயோனைஸில் பாலைப் போல மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய முட்டையைப் பயன்படுத்துகிறார்கள், புளிப்பையும் அளந்து சேர்க்கிறார்கள். முட்டையே இல்லாமல் பாலில் செய்வதும் உண்டு. கடைக்காரருக்கு மாற்று இல்லை என்று சொல்ல முடியாது. செலவு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

மயோனைஸ் பிரெஞ்சுக்காரர்களின் பண்டம். 1739-இல் வந்து 1954 வரை காரைக்காலை ஆண்டவர்கள் அவர்கள். ஆனாலும் பாரதியார் சாலைக்கு அந்த வெள்ளைக் குழம்பு பிரெஞ்சுக் கப்பலில் வந்து சேரவில்லை. வளைகுடாவிலிருந்து கேரளம் வழியாக ஷவர்மாவோடு வந்தது. பிரெஞ்சு சமையற்காரர் அதை அன்றன்று கலக்கி அன்றன்றே தீர்ப்பார். அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நாம் இறக்குமதி செய்யவில்லை.

மயோனைஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. பரோட்டாக் கடையின் ஆஃபாயில், கல்லில் ஊற்றியவுடன் சுருட்டி எடுக்கும் கலக்கி, உடம்பு தேற வேண்டும் என்று காலையில் பாலில் அடித்துக் குடிக்கும் பச்சை முட்டை எல்லாமே இதே வரிசைதான். ஆஃபாயிலில் ஒரு முட்டை, சாப்பிடுபவர் ஒருவர் என்பதால் ஆபத்து ஒரு தட்டோடு நிற்கும். கலக்கியை விரும்பிச் சாப்பிடும் இளவட்டங்களை நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கும் மஞ்சள் கரு வழியும் முட்டையை வைக்காதீர்கள். இவர்களுக்குக் கிருமி குடலோடு நிற்காமல் ரத்தத்தில் ஏறும் வாய்ப்பு அதிகம். வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை வெந்த முட்டையில் சால்மொனெல்லா பிழைக்காது. 70 டிகிரிக்குச் சற்று மேல் போனால் போதும்.

இன்னொன்று, உடைசல் முட்டை. நாமக்கல்லிலிருந்து டெல்டாவின் கிழக்குக் கோடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வரும் லாரியில் சில முட்டைகள் விரிசல் விடாமல் இருக்காது. அவற்றை எறிவதில்லை, விலை குறைத்து விற்றுவிடுகிறார்கள். விரிசல் விட்ட ஓடு திறந்த கதவு மாதிரி. மலிவாக வாங்கிய முட்டை உடனே வெந்தால் பரவாயில்லை, மிக்சி ஜாருக்குப் போகக் கூடாது.

கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி

சால்மொனெல்லா உடனே வயிற்றைப் புரட்டாது. ஆறு மணி நேரத்தில் வரலாம். பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சிலருக்கு ஆறு நாள் வரை கூட. சனிக்கிழமை இரவு கடற்கரைப் பக்கம் ஷவர்மா சாப்பிட்டவருக்குத் திங்கட்கிழமை காலை காய்ச்சலும் வயிற்று முறுக்கலும் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் குழம்பு. “மீனு பழசா இருந்திருக்கும்” என்று பழி அம்மாவின் சமையல் மேல் விழும். மருந்துக்கடையில் அறிகுறியைச் சொன்னால் இரண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாக இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. உப்புக்கரைசலும் ஓய்வும் போதும், நான்கு முதல் ஏழு நாளில் உடம்பு தானாகத் தேறிவிடும். மாத்திரை போட்ட பிறகு மலத்தைச் சோதித்தால் கிருமி வளர்வதும் கடினம். சாட்சி அங்கேயே அழிந்துவிடுகிறது.

நிலைமை மோசமாகி மருத்துவமனைக்குப் போனாலும் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், வாந்தி நிற்கிறது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நோயாளியும் நிம்மதியாகப் போகிறார். அவருடைய தெருவில் இன்னும் மூன்று பேர், திருமலைராயன்பட்டினத்தில் இரண்டு பேர், நாகூரில் நான்கு பேர் அதே கடையில் சாப்பிட்டு விழுந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நாகூர்க்காரர் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போவார், அவருடைய கணக்கு தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும். காரைக்கால்காரர் கணக்கு புதுச்சேரிக்குப் போகும். ஒரே டப்பா மயோனைஸ், இரண்டு அரசாங்கத்தின் காகிதங்களில் இரண்டு தனித்தனிச் சம்பவங்களாகக் கரைந்துவிடும்.

நாடு முழுவதும் நோய்ப் பரவல்களைக் கவனிக்க 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அதன் வாராந்திரப் பட்டியல்களில் பேதியும் உணவு நச்சும்தான் அடிக்கடி இடம்பிடிக்கின்றன. எந்த உணவு, எந்தக் கிருமி, எந்தப் பண்ணை என்று கடைசிவரை போய்க் கண்டுபிடித்த கதைகள் மட்டும் மிகக் குறைவு.

கடைசிவரை போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு போதும். அந்த மே மாதத்திலிருந்து பல மாநிலங்களின் பரிசோதனைக்கூடங்களில் ஒரே மரபணு அடையாளம் கொண்ட சால்மொனெல்லா வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டது. நோயாளிகளுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. ஊரும் வேறு, சாப்பிட்ட உணவகமும் வேறு. என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, உணவகங்களிலிருந்து மொத்த வியாபாரிக்கும் அங்கிருந்து பண்ணைக்கும் பின்னோக்கிப் போனதில் அயோவா மாநிலத்தின் இரண்டு நிறுவனங்கள் சிக்கின. 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. பதிவான நோயாளிகள் மட்டும் சுமார் 1,900 பேர். முதன்மை நிறுவனத்தின் உரிமையாளருக்கும் அவருடைய மகனுக்கும் 2015-இல் தலா மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வழக்கு முழுவதற்கும் முதல் சாட்சி, யாரோ ஒரு மருத்துவர் சோதனைக்கு அனுப்பிய ஒரு மல மாதிரி.

நாமக்கல் பயப்பட வேண்டாம்

இதையெல்லாம் எழுதினால் முட்டை விலை சரியுமே, பண்ணைக்காரர் என்ன ஆவார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகும் மண்டலம் நாமக்கல். பண்ணைக் கொள்முதல் விலை ஐந்து பைசா இறங்கினாலே அங்கே பேச்சு அதுதான். பயம் கிளப்புவது எவ்வளவு சுலபம் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2017-இல் ‘பிளாஸ்டிக் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. படித்தவர்கள்கூட முட்டையின் சவ்வை நெருப்பில் காட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு முட்டையே கிடையாது. இல்லாத முட்டைக்குப் பயந்தோம், இருக்கிற கிருமியைப் பற்றிப் பேசவில்லை.

இங்கிலாந்தில் 1988 டிசம்பரில், நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மொனெல்லா புகுந்துவிட்டது என்று சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி பேசினார். விற்பனை பாதிக்கும் மேல் சரிந்தது. பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். அவர் சொன்னதில் மிகைப்படுத்தல் இருந்தது, ஆனால் பிரச்சினை உண்மை. அதற்குப் பிறகு அந்த நாட்டுப் பண்ணைகள் செய்ததுதான் முக்கியம். 1998 முதல் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி, பண்ணைச் சுத்தத்துக்கு விதிகள், ஒவ்வொரு முட்டையிலும் சிங்க முத்திரையும் எந்தப் பண்ணை என்று சொல்லும் எண்ணும். 2017-இல் அந்த நாட்டு உணவுத் தர நிறுவனம், சிங்க முத்திரை முட்டை என்றால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாகக்கூடச் சாப்பிடலாம் என்று அறிவித்தது. சந்தையை முப்பது ஆண்டில் அவர்கள் மீட்டது உண்மையை மறைத்து அல்ல.

நம் சத்துணவு முட்டையில் அரசு முத்திரை உண்டு. வெளிச்சந்தைக்குக் கடத்தாமல் இருக்கப் போட்ட ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. கடையில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் முட்டையிலோ எந்தப் பண்ணை என்று சொல்ல எதுவும் இல்லை. முத்திரை குத்தத் தெரிந்த ஊருக்குப் பண்ணை எண் குத்தத் தெரியாதா?

முட்டையை விட்டுவிடுங்கள் என்று இந்தக் கட்டுரை ஒருபோதும் சொல்லாது. 1930-இல் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரிப் பகுதிகளில் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தது. தமிழ்நாட்டில் 1989-இல் சத்துணவோடு முட்டை சேர்ந்து, 2010-இல் வாரம் ஐந்தாக உயர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட மலிவான நல்ல புரதம் இல்லை. அந்த முட்டை வெந்த முட்டை. அதற்காகவாவது பச்சை முட்டையின் பாவம் அதன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

சட்டத்தில் வழி இருக்கிறது. உணவு நச்சு நோயாளிகளைப் பற்றித் தகவல் தரும்படி மருத்துவர்களுக்கு அறிவிப்பு வெளியிட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடம் தருகிறது. வாங்கிய உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப நுகர்வோருக்கு 40-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 65-ஆம் பிரிவின்படி உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்ச ரூபாயும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு உண்டு. நோய்க்கு அந்த உணவுதான் காரணம் என்று நிறுவினால்தான் இந்த இழப்பீட்டுப் பிரிவு உயிர்பெறும். அதை நிறுவுவது பரிசோதனைக்கூடம்.

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை 2016 முதல் இயங்குகிறது. 2022-இல் காலராவுக்குச் செய்த பரிசோதனையைப் பேதியும் காய்ச்சலுமாக வரும் நோயாளிகளுக்கு ஆண்டு முழுவதும் செய்து, முடிவை வாரம் ஒரு முறை வெளியிட முடியும். நாகை, மயிலாடுதுறை சுகாதாரத் துறையோடு அந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்வதற்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஷவர்மாவோ கிரில் சிக்கனோ வாங்கும்போது மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அதை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைச் சுவரில் 14 இலக்க உரிம எண் தொங்குகிறதா என்று பாருங்கள். பேதியோடு காய்ச்சலும் வந்தால் மாத்திரை போடுவதற்கு முன் மருத்துவரிடம் மலப் பரிசோதனை கேளுங்கள். நோய் வருவதற்கு முந்தைய மூன்று நாளில் எங்கெங்கே என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மிச்சமான பார்சல் இருந்தால் எறியாமல், கட்டி, ஃபிரிட்ஜில் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்தத் தாளும் அந்தப் பார்சலும் கையில் இல்லாவிட்டால் அந்தக் கடையின் மேல் நடவடிக்கை எடுப்பது எந்த அதிகாரிக்கும் கடினம்.